முன்பே எழுதிய பதினைந்து நகர்வுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் பில் வால்ஷ், ஆட்டத்தின் முதல் பதினைந்து நகர்வுகளை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவார் என்று வாசித்தேன். எதிரணி என்ன செய்யும் என்று தெரியாமல் எழுதிவைப்பது பிடிவாதம் அல்லவா? அவரையா மேதை என்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பட்டியலை அவர் வரிசை மாறாமல் ஒப்பித்ததில்லை. பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு; மூன்றாவது முயற்சியில் நிறைய தூரம் மிச்சமிருந்தாலோ, பந்து கோல் கோட்டை நெருங்கிவிட்டாலோ அதை ஒதுக்கிவிடுவார். அத்தகைய சூழல்களுக்கென்று தனிப் பட்டியல்கள் உண்டு. நிலைமை சீரானதும் பழைய பட்டியலுக்குத் திரும்புவார்.

எதிரணி என்ன செய்யும் என்று தெரியாததால்தான் அதை எழுதினார். வீரர்களை ஓர் அணிவகுப்பில் நிறுத்தி, முதலில் பந்தை ஏந்தி ஓட வைப்பார். எதிரணித் தடுப்பாளர்கள் எப்படி இடம் மாறுகிறார்கள் என்று உதவிப் பயிற்சியாளர்கள் குறித்துக்கொள்வார்கள். பிறகு அதே அணிவகுப்பில் பாஸ், அதாவது பந்தை முன்னோக்கி எறிவது. இந்தச் சோதனையை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் நகலெடுத்தால் பயனில்லை. இன்னொன்று, கூச்சலுக்கு நடுவே எடுக்கும் முடிவைவிட வார நடுவில் அறையில் அமர்ந்து எடுக்கும் முடிவு தெளிவானது என்று அவர் உறுதியாக நம்பினார். வீரர்களும் தொடக்க நகர்வுகளை ஆட்டத்துக்கு முந்தைய நாளே அறிந்திருப்பார்கள்.

அவருடைய ஆட்டமுறை சின்சினாட்டி அணியில் உருவானது. அங்கே 1968 முதல் 1975 வரை தலைமைப் பயிற்சியாளர் பால் பிரவுனிடம் உதவிப் பயிற்சியாளர். 1969இல் வந்த கிரெக் குக் வலிமையாக எறியக்கூடிய குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்). தோள் காயம் அவரை முடக்கியது. அடுத்து ஆடிய விர்ஜில் கார்ட்டரால் நீளமாக எறிய முடியாது, ஆனால் குறி தப்பாது. ஆகவே வால்ஷ் மைதானத்தின் 53 யார்டு அகலம் முழுவதையும் பயன்படுத்தும் குறுகிய பாஸ்களை அமைத்தார். குவாட்டர்பேக் மூன்று அல்லது ஐந்து காலடி பின்வாங்கி உடனே எறிய வேண்டும்; பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் திரும்புவதற்குள் பந்து கிளம்பியிருக்கும். ரிசீவர் ஒரு காலடி கூடுதலாக ஓடினாலும் பந்து தடுப்பாளர் கைக்குப் போகும். பயிற்சியில் கால் வைப்புக்கு அவ்வளவு நேரம் செலவிட்டது அதனால்தான்.

பிரவுன் ஓய்வுபெற்றபோது தலைமைப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. வால்ஷுக்கு அப்போது 44 வயது. சான் டியேகோவில் ஒரு பருவம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியில் இரண்டு, பிறகு 1979இல் சான் பிரான்சிஸ்கோ. முதல் பருவத்தில் 2 வெற்றி, 14 தோல்வி. நான் எல்லாரையும் கவனிக்கச் சொல்வது இந்தப் பருவத்தைத்தான்: அதே ஆண்டில் அவருடைய குவாட்டர்பேக் ஸ்டீவ் டிபெர்க் 347 பாஸ்களை ரிசீவர்களின் கையில் சேர்ப்பித்து அன்றைய லீக் சாதனையைப் படைத்தார். முறை வேலை செய்யத் தொடங்கிவிட்டது, அணிதான் இன்னும் தேறவில்லை. அந்த ஆண்டு புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் எடுத்த ஜோ மான்டானா 1981 பருவத்தில் அணியை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். அங்கே தோற்றது சின்சினாட்டி, 26–21.

மேதை என்பதைவிட நல்ல ஆசிரியர் என்றே அவரைச் சொல்வேன். இன்றும் பல அணிகள் தொடக்க நகர்வுகளை எழுதிக்கொண்டுதான் வருகின்றன. அடுத்த ஆட்டத்தில் முதல் கால்பகுதியைக் கவனியுங்கள்: எந்த அணிவகுப்பு இரண்டாம் முறை வருகிறது, அப்போது என்ன மாறுகிறது என்று.