எட்டடிக் கணக்கு

அன்புள்ள ஐயா,

உலகிலேயே விஷம் கூடிய பத்துப் பாம்புகள் என்று ஒரு காணொளி பார்த்தேன். அவுஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பானுக்கு முதலிடம். ஒரு கடியின் விஷம் நூறு பேரைக் கொல்லுமாம். நம்முடைய நாகமும் புடையனும் அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியென்றால் இவை அவ்வளவு ஆபத்தில்லாதவையா? விஷக்கல் வேலை செய்யுமா, நாகம் பழிவாங்குமா என்பதையும் எழுதுங்கள். போன கிழமை அம்மம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் கிடந்த ஒன்றை அடித்தேன், படம் இணைத்திருக்கிறேன். எட்டடி விரியனா என்று பார்த்துச் சொல்லுங்கள். அம்மம்மா கட்டில் வேண்டாம் என்று இன்னும் நிலத்தில்தான் படுக்கிறார்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

விஷக்கல் வேலை செய்யாது. நாகம் பழிவாங்காது; அடித்தவனின் முகத்தை ஞாபகம் வைத்திருக்கும் அளவுக்கு நாம் அதற்கு முக்கியமானவர்கள் அல்லர். இந்த இரண்டையும் இத்துடன் விட்டுவிடுவோம்.

காணொளி சொன்னது எலிகளின் கணக்கு. ஆய்வுகூட எலிகளின் தோலுக்கடியில் விஷத்தை ஏற்றி, அவற்றில் பாதி சாவதற்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று அளக்கிறார்கள். உள்நாட்டுத் தைப்பானுக்கு அந்த அளவு, உடல்நிறையில் ஒரு கிலோவுக்கு வெறும் 0.025 மில்லிகிராம். அதை மனித நிறையால் பெருக்கித்தான் நூறு பேர் என்கிறார்கள். அந்த நூறு பேரை எவரும் கண்டதில்லை. 1879 இல் முதன்முதலாக விபரிக்கப்பட்ட அந்தப் பாம்பு, பிறகு ஏறக்குறைய தொண்ணூறு வருடம் விஞ்ஞானிகளின் கண்ணில் படாமல் இருந்து, 1972 இல்தான் மறுபடி அகப்பட்டது. அவ்வளவு ஆளரவமற்ற நிலத்தில், வெடித்த களிமண்ணின் பிளவுகளுக்குள் எலி பிடித்துச் சீவிக்கும் அதன் கடியால் ஒருவர் இறந்ததாகப் பதிவு இல்லை. விஷப்பாம்புகள் மலிந்த அவுஸ்திரேலியா முழுவதிலும் பாம்புக்கடியால் வருடத்துக்கு இரண்டு பேரளவில்தான் இறக்கிறார்கள். இலங்கையிலோ, 2012–2013 காலத்தில் வீடுவீடாகப் போய் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, ஒரு வருடத்தில் ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு கடித்தது. 30,000 பேருக்கு விஷம் ஏறியது. 400 பேர் இறந்தார்கள். பட்டியலில் இடம் கிடைக்காத நம்முடைய பாம்புகள் செய்த வேலை அது. அரிவி வெட்டுக் காலத்தில் வரம்போரம் மிதிபடும் புடையனைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உங்கள் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். வெள்ளைப் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி, வாலை நோக்கிப் போகப்போக மங்குகின்றன. எட்டடி விரியனில் இது தலைகீழ்: முன்னுடல் அநேகமாக வெறும் கறுப்பாக இருக்கும், பின்னுக்குப் போகப்போகத்தான் மெல்லிய பட்டைகள் தெளிவடையும். நீங்கள் அடித்தது பல்லி பிடிக்க வீட்டுக்குள் வரும் விஷமற்ற பாம்பு. இரவில் ஒரு கிழவியின் தலைமாட்டில் கண்டதை, பட்டை எண்ணிப் பார்த்துவிட்டு அடியுங்கள் என்று சொல்ல நான் மூடனல்லன். ஆனால் அது வந்த வழியால் எட்டடி விரியனும் வரும். அதைக் கண்ட பிறகும் அம்மம்மாவை அதே பாயில் படுக்கவிட்டுவிட்டு, கடலுக்கு அப்பால் இருக்கும் தைப்பானைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்களுடைய புத்தி எங்கே போனது?

1996 இல் இடம்பெயர்ந்து வந்த நாங்கள் அக்கராயனுக்கு அப்பால், காட்டோரமாகக் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தோம். பக்கத்துக் கொட்டிலில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். என்னை மாமா என்பான். ஒரு மழை நாள், விடியப்புறம் மூன்று மணிக்கு வயிற்றுக்குத்து என்று எழும்பினான். தாய் வேர்க்கொம்பு தட்டி அவித்துக் கொடுத்தார். அவன் தானாகவே கிணற்றடி வரை போய்வந்தான். ஐந்து மணியளவில் இமைகள் விழத் தொடங்கின. எங்களைப் பார்ப்பதற்காகத் தலையைப் பின்னுக்குச் சரித்துச் சரித்து, இமையின் கீழ் இடுக்கால் பார்த்தான். "நித்திரைக் கள்ளன்" என்று சொல்லிச் சிரித்தவன் நான். பிறகு அவனுடைய குரல் மூக்கால் வந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் அது கடைவாயால் வழிந்தது. பாயைச் சுருட்டிய தாய் போட்ட சத்தத்தில்தான் எங்களுக்கு விளங்கியது. கடிவாயைத் தேடினோம், முழங்கையில், நுளம்பு கடித்த தடிப்பு அளவுக்குக்கூட இல்லாத இரண்டு புள்ளிகள். அவனைச் சைக்கிள் காரியரில் இருத்தி, என் முதுகோடு சேர்த்துச் சாரத்தால் கட்டிக்கொண்டு சேற்றுப் பாதையில் உழக்கினேன். பாதி வழியில், என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றுபோனது.

செத்த பாம்பைத் தடியால் புரட்டிக்கொண்டு ஊர்ப் பெரியவர் ஒருவர் அன்று கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை: "எட்டடி விரியனென்றால் பொடியன் கிணற்றடிக்கு நடந்து போயிருப்பானோ?" கடித்தால் எட்டடி வைப்பதற்குள் சாவு, அதனால்தான் அந்தப் பெயர் என்று நம்முடைய ஊர்களில் சொல்வார்கள். கொட்டிலிலிருந்து கிணற்றடிக்குக் குறைந்தது அறுபது அடி, போய்வர நூற்றிருபது. பாம்பைக் காணாதவர்கள், பிள்ளை நடக்கிறானே என்று ஆறுதல்பட்டு வேர்க்கொம்பு அவிக்கிறார்கள். பாம்பைக் கண்டவர்கள், எட்டடிக்குள் முடிகிற காரியத்துக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கையை விட்டுவிடுகிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் அந்தப் பெயரை நம்பியவர்களே. உண்மையில் அந்தப் பாம்பு நமக்கு மணித்தியாலக் கணக்கில் தவணை தருகிறது. அதன் விஷம் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு முனைகளைப் பழுதாக்குகிறது. முதலில் இமை சோரும், பிறகு தொண்டை, கடைசியில்தான் மூச்சை இழுக்கும் தசைகள். கடித்த இடத்தில் வீக்கமும் இல்லை, பெரிய நோவும் இல்லை என்பதால் அந்தத் தவணையை நாம் நித்திரையிலும் கைவைத்தியத்திலும் கழித்துவிடுகிறோம். விஷமுறிவு ஊசி இரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும். பழுதாகிப்போன நரம்பு முனையைத் திருப்பித் தராது. ஆகவே ஊசி முந்த வேண்டும். பிந்திப்போனாலும், அந்த முனைகள் மறுபடி துளிர்க்கும் வரை இயந்திரம் நாட்கணக்கில் மூச்சுக் கொடுத்தால், ஆள் எழும்பி வீட்டுக்கு நடந்து போகலாம். எட்டடி அல்ல, எத்தனை அடியும்.

எனவே, நிலத்தில் படுத்த ஒருவர் இரவில் காரணமில்லாமல் வயிற்றுக்குத்து என்று எழும்பினால், கடிவாய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பாம்பு கடித்ததாகவே எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். 2018 இலிருந்து வடக்கிலும், 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. எங்களுக்கு அன்று சைக்கிள்தான் இருந்தது. இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டுமென்று அரை மணித்தியாலம் பற்றைக்குள் தேடாதீர்கள். வைத்தியர் இமையைப் பார்ப்பார். புடையன் என்று சந்தேகித்தால் கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார். உறையாமல் தண்ணீராக ஓடினால் அவருக்கு விடை கிடைத்துவிடும். புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைப்பதையும் நான் தடுக்கமாட்டேன். பங்குனிப் பொங்கலுக்கு நானும் போகிறவன்தான். பொங்கலை ஆஸ்பத்திரியால் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவர் எத்தனை இடப்பெயர்வில் எத்தனை கட்டில்களை விட்டுவிட்டு நடந்தாரோ, நமக்குத் தெரியாது. ஒரு நுளம்பு வலை போதும். நேபாளத்தின் தென்கிழக்கில் செய்து 2007 இல் வெளியான ஆய்வு ஒன்று, வலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று காட்டியது. ஆனால் நம்முடைய வீடுகளில் செய்வதுபோல வலையைச் சும்மா தொங்கவிட்டால் பாம்பு அடியால் நுழையும். நாலு பக்க விளிம்பையும் பாயின் அடியில் ஒரு முழமாவது செருகி, இரவில் அவர் எழும்பும்போது தேடாமல் எடுக்கக் கையெட்டும் இடத்தில் ஒரு ரோச் லைற்றையும் வையுங்கள். செருகிவிட்டு எனக்கு எழுதுங்கள். தைப்பானைப் பற்றி மிச்சம் பேச வேண்டுமென்றால் அதற்குப் பிறகு பேசலாம்.