போர்ட்டை மாற்றினேன், போன் கேட்கவில்லை

வணக்கம் சார்,

மொபைல் ஆப் எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவில் ஒரு ஆப் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆப்பின் ஜாவாஸ்கிரிப்ட் கோடைத் தொகுத்து அனுப்பும் மெட்ரோ சர்வர் வழக்கமாக ஓடும் 8081 போர்ட்டை (கணினியில் ஒரு சர்வீஸுக்கான கதவு எண்) என் கணினியில் வேறொரு சர்வீஸ் பிடித்துவைத்திருக்கிறது. அதை நிறுத்த எனக்கு அனுமதி இல்லை. சரி என்று மெட்ரோவை 8090-இல் ஓடவிட்டேன். கணினியின் பிரவுசரில் திறந்தால் பதில் வருகிறது. கேபிளில் செருகிய ஆண்ட்ராய்ட் போனில் மட்டும் பிழை காட்டும் சிவப்புத் திரை. போர்ட்டை மாற்றவே முடியாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக மாற்றலாம். நீங்கள் ஒரு பக்கம்தான் மாற்றியிருக்கிறீர்கள். மெட்ரோ வீடு மாறிவிட்டது; ஆப் இன்னும் பழைய கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. பில்ட் செய்யும்போதே 8081 என்ற எண் ஆப்புக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. போனில் ஆப் மெட்ரோவை லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியில் தேடுகிறது. 'இதே கருவி' என்பதுதான் அதன் பொருள்; போனுக்குள் அது அந்தப் போனேதான், உங்கள் கணினி அல்ல. கேபிள் வழியே இரண்டையும் இணைத்துவைப்பது, கணினியிலிருந்து ஆண்ட்ராய்ட் போனுடன் பேசும் ஏடிபி (adb) கருவியின் ரிவர்ஸ் கட்டளை. அதில் இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும்: முதலாவது போனில் உள்ள போர்ட், இரண்டாவது கணினியில் உள்ளது. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை! ஆகவே,

ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:8081 டிசிபி:8090

என்று கொடுங்கள் (டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான்). ஆப் தன் போக்கில் 8081-ஐக் கேட்கும், பதில் 8090-இலிருந்து வரும். மறுபடி பில்ட் செய்யவேண்டியதில்லை. எனக்குப் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் ஆப்பில் கைவைக்கவே வேண்டாம். ஆனால் கேபிளைப் பிடுங்கினால் இந்த இணைப்பும் போய்விடும். அது தெரியாமல்தான் பலர் நேற்று ஓடியது இன்று ஓடவில்லையே என்று மறுபடி போர்ட்டை மாற்றத் தொடங்குகிறார்கள். எண்ணில் கைவைக்கும் முன், ஏடிபி ரிவர்ஸுடன் லிஸ்ட் ஆப்ஷனைக் கொடுத்து இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

எமுலேட்டரில் (கணினிக்குள்ளேயே ஓடும் போலி ஆண்ட்ராய்ட் போன்) இந்த வித்தை பலிக்காது. அங்கே ஆப் கணினியைத் தேடிப்போகும் முகவரி 10.0.2.2, அது ரிவர்ஸ் இணைப்பைத் தொடாமல் நேரே கணினிக்குப் போய்விடும். டெவலப்பர் மெனுவின் செட்டிங்ஸில் டீபக் சர்வர் முகவரி கேட்கும் இடத்தில் 10.0.2.2:8090 என்று எழுதிவிட்டு ரீலோட் செய்யுங்கள். ஐஓஎஸ் சிமுலேட்டருக்கு இந்தச் சுற்றுவழி வேண்டாம், அது மேக்கின் நெட்வொர்க்கையே பயன்படுத்துகிறது. போர்ட் எண்ணை மட்டும் சொன்னால் போதும்.

அப்புறம், எண்ணைத் தேர்ந்தெடுப்பது. 1024-க்குக் கீழே போகாதீர்கள், பல கணினிகளில் அதற்கு அட்மின் அனுமதி கேட்கும். 5037 ஏடிபி சர்வருடையது. 5554 முதல் 5585 வரை எமுலேட்டர்களுக்கு. அங்கே உள்ள ஒற்றைப்படை போர்ட்களை, எமுலேட்டர் ஏதாவது ஓடுகிறதா என்று ஏடிபி தானே தட்டிப் பார்க்கும். 32768-க்கு மேலும் வேண்டாம். லினக்ஸ் அங்கிருந்துதான் தற்காலிக இணைப்புகளுக்கு எண் எடுத்துக்கொடுக்கிறது. என்றைக்காவது உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்ளும். உங்கள் 8090-க்கு எந்தக் குறையும் இல்லை, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.