கார் நிற்கும்போது மட்டும் ஸ்டீயரிங் அதிர்வது ஏன்?

"சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் கையில் அதிர்கிறது, வண்டி கிளம்பியதும் சரியாகிவிடுகிறது. வீல் பாலன்சிங் செய்தும் போகவில்லை. அடுத்து அலைன்மென்ட் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். நிற்கிற வண்டியில் சக்கரம் சுற்றுவதே இல்லை. சுற்றாத சக்கரத்தால் ஸ்டீயரிங் எப்படி அதிரும்? பாலன்சிங் கோளாறு நெடுஞ்சாலை வேகத்தில்தான் கைக்குத் தெரியும். நிற்கும்போது ஓடிக்கொண்டிருப்பது என்ஜினும் அதைச் சார்ந்தவையும் மட்டுமே. அங்கேதான் தேட வேண்டும்.

நான் வண்டிப்பெரியாரில் வசிக்கிறேன். வாரம் ஒருமுறையாவது குமுளி மலைப்பாதையில் இறங்கிக் கம்பம் போய் வருவேன். என் நான்கு சிலிண்டர் பெட்ரோல் காருக்கும் இதே தொல்லை வந்தது. குமுளி செக்போஸ்ட் வரிசையில் நின்றால் ஸ்டீயரிங் துடிக்கும். ஏசி போட்டால் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியே கலங்கலாகத் தெரியும். கம்பத்தில் மெக்கானிக் அண்ணனிடம் போய் "ஸ்டீயரிங் விறைக்கிறது அண்ணே" என்றேன். மலையாளம் கலந்து பேசும் எங்கள் பக்கத்தில் விறைப்பது என்றால் நடுங்குவது. கம்பத்தில் விறைப்பது என்றால் இறுகிப்போவது. அவர் பவர் ஸ்டீயரிங்கைச் சோதிக்கத் தொடங்கி அரை மணி நேரம் வீணாயிற்று. அதனால் மெக்கானிக்கிடம் "நடுங்குகிறது" என்றே சொல்லுங்கள். நியூட்ரலில் நிற்கும்போதா, ஏசி போட்டாலா, என்ஜின் சூடான பிறகா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பிறகு அவர் எனக்குக் காட்டிய முதல் சோதனைக்குக் கருவியே தேவையில்லை. ஸ்டீயரிங்கை இறுகப் பிடிக்காமல் உள்ளங்கையை மட்டும் அதன்மேல் வையுங்கள். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடினால் நொடிக்கு 25 முறை எரிபொருள் வெடிக்கிறது. அந்தத் துடிப்பு அப்படியே கைக்கு வந்தால் வண்டு முரல்வதைப் போல் சீராக இருக்கும். என்ஜினில் தவறில்லை, அதைத் தாங்கும் ரப்பர் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். ஒரு சிலிண்டர் எரியாமல் போனாலோ நொடிக்கு ஆறு முறை குலுக்கல் வரும். அது சீரான அதிர்வு அல்ல. வண்டியே நொண்டுவது போலிருக்கும், சைலன்சர் சத்தத்திலும் இடைவெளி கேட்கும். மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பது இதைத்தான்.

என் காரில் இருந்தது முதல் வகை. என்ஜின் மவுண்ட் என்பது இரும்புக்கு நடுவே ஒட்டிய ரப்பர்; சில கார்களில் அதற்குள் திரவமும் உண்டு. மலையில் முதல் கியரில் ஏறும் ஒவ்வொரு முறையும் என்ஜின் அதை முறுக்குகிறது. ரப்பர் வெடிப்பு விட்டுக் கிழிந்தால் இரும்பு இரும்பைத் தொடும், அதிர்வு பாடிக்கும் அங்கிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கும் தடையில்லாமல் ஏறும். சோதிக்க, என்ஜின் எண்ணெய்த் தொட்டியின் அடியில் பலகை வைத்து, ஜாக்கியால் எடையை லேசாகத் தாங்கிப் பார்த்தார். அதிர்வு சட்டென்று குறைந்தது. பலகை இல்லாமல் தூக்கினால் தொட்டி நசுங்கும். இதை நீங்களே செய்யாமல் பணிமனையில் செய்யச் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மவுண்டை மாற்றிய அன்று எனக்கு அதிர்வு முன்பைவிடக் கூடியது! பொருள் போலி என்றே நினைத்தேன். மறுநாள் அவரே போல்ட்களைத் தளர்த்தி, என்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு, அது தன் இடத்தில் அமர்ந்த பிறகு அணைத்துவிட்டுப் போல்ட்களை மறுபடி முடுக்கினார். அதோடு தீர்ந்தது. என்ஜின் ஒருபக்கம் சாய்ந்திருக்கும்போது போல்ட்டை முடுக்கினால் புது ரப்பரும் முறுக்கிலேயே இருக்கும். முறுக்கிய ரப்பர் அதிர்வை விழுங்காது. புது மவுண்ட் போட்டும் பயனில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள். மலிவான மவுண்டுகளில் ரப்பர் கடினமாக இருந்தாலும் இதே கதைதான்.

உங்களுக்கு வருவது நொண்டல் என்றால் பொறி தரும் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். காரின் கணினியில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் பி0301 முதல் பி0304 வரையிலான எண் எந்தச் சிலிண்டர் என்று காட்டிவிடும். மீட்டரில் என்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் மேலும் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கும், அது விலை மிகுந்த பாகம். ஐட்லிங் வேகமே, அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகமே, வழக்கத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், என்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம், சுத்தம் செய்தாலே போதும். ரேடியேட்டர் விசிறி ஓடும்போது மட்டும் வந்து போகும் அதிர்வு என்றால் விசிறி இறக்கை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் காரில் எத்தனை சிலிண்டர் என்று எழுதவில்லை. மூன்று சிலிண்டர் என்றால் கொஞ்சம் அதிர்வு பிறவியிலேயே உண்டு. புதிதாக வாங்கியபோது இருந்ததைவிட இப்போது கூடியிருக்கிறதா? உள்ளங்கைச் சோதனையில் என்ன தெரிந்தது என்பதோடு இதையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.