முழங்கால் வலி உள்ள அப்பாவை அழைத்துக்கொண்டு மும்பையிலிருந்து எலிபெண்டா தீவுக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா?

ஞாயிறு அல்லது திங்கள், இரண்டில் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள், அப்பாவுக்குப் படி ஏறச் சிரமம் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையே போய்விடுங்கள், திங்கட்கிழமை தீவிலுள்ள குகைக் கோயில்களுக்கு விடுமுறை. இது தெரியாமல் திங்களன்று படகு கிளம்புகிற கேட்வே ஆஃப் இந்தியா வரை வந்து திரும்புகிற வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர்.

ஞாயிறு என்றால் கூட்டம் இருக்கும், அதற்கு ஒரே வழி முதல் படகு. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து காலை 9 மணி வாக்கில் படகுகள் கிளம்பத் தொடங்கும். 8.30க்கெல்லாம் அங்கே இருங்கள், ஏனென்றால் உள்ளே நுழையும்போதே பையைச் சோதனை போடுவார்கள், அப்புறம் டிக்கெட் வரிசை. சர்ச்கேட், சி.எஸ்.எம்.டி. இரண்டு ரயில் நிலையங்களிலிருந்தும் கேட்வே நடக்கிற தூரம்தான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அப்பாவின் காலை அங்கேயே செலவழித்துவிட்டால் தீவில் ஒன்றும் மிஞ்சாது, டாக்ஸி பிடித்துவிடுங்கள். டிக்கெட் போகவர இரண்டுக்கும் சேர்த்துத் தருவார்கள், அதைத் தொலைக்காமல் வைத்திருங்கள், திரும்பும்போது கேட்பார்கள்.

தீவு சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். மேல்தளத்தில் உட்காரத் தனியாகக் கொஞ்சம் காசு வாங்குவார்கள், அந்த ஏணி செங்குத்தாக இருக்கும், அதனால் அப்பாவைக் கீழேயே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் மேலே போய்ப் பார்த்து வாருங்கள். கடற்படைக் கப்பல்கள், எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் ஜவாஹர் தீவு, நவா ஷேவா துறைமுகத்தின் கிரேன்கள், வடக்கே வானம் தெளிவாக இருந்தால் 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது கடல் பாலம் என்று வழி நெடுகப் பார்க்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள், வெயிலாக இருக்கிறதே, புழுக்கமாக இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். 2024 டிசம்பர் 18 அன்று இதே வழியில் எலிபெண்டாவுக்குப் போன பயணிகள் படகு மீது கடற்படையின் விரைவுப் படகு மோதி, பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மாதத்தை நீங்கள் சொல்லவில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் யோசிக்கவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் கடல் கொந்தளிப்பைப் பொறுத்துப் படகை நிறுத்திவிடுவார்கள், அன்று காலையில் விசாரித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சரி, இப்போது அப்பாவின் முழங்கால். படகுத்துறையிலிருந்து மலையடிவாரம் வரை நீளமான பாலம், அதில் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது, அதில் ஏறிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் சுமார் 120 படிகள். இருபக்கமும் கடைகள், மேலே தார்ப்பாய் நிழல், படிகள் அகலமானவை, நின்று நின்று ஏறலாம். முடியவே முடியாது என்றால் நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போகிற டோலிக்காரர்கள் அடிவாரத்திலேயே நிற்பார்கள். ஏற, இறங்க இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு என்று முன்னாடியே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நம் அப்பாக்களுக்கு இதில் உட்காரக் கூச்சம் வரும், அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று, படிகளிலும் குகை வாசலிலும் குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டமோ குளிர்பான பாட்டிலோ தெரிந்தால் பிடுங்கிவிடும், எல்லாவற்றையும் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். மேலே நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு 40 ரூபாய், அதுபோக ஊராட்சிக்கு ஒரு சிறு தொகை.

இங்கேதான் நான் கொஞ்சம் அடம்பிடிப்பேன். தீவில் மொத்தம் ஏழு குகைகள், ஐந்து சைவம், இரண்டு பௌத்தம். மலையுச்சியில் பீரங்கி வேறு இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். முதல் குகைக்கே இரண்டு மணி நேரம் கொடுங்கள், மற்றவை பெரும்பாலும் முடிவுறாதவை, சிதைந்தவை, எட்டிப் பார்த்தால் போதும். பீரங்கி மேடு உங்கள் அப்பாவுக்குத் தேவையில்லாத ஏற்றம்.

வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவசரப்படாமல் ஒரு தூண் ஓரமாக நில்லுங்கள். நேர் எதிரே தெற்குச் சுவரில் சுமார் 5.5 மீட்டர் உயரத்துக்கு ஒரே சிற்பத்தின் மூன்று முகங்கள் மெல்ல மெல்ல இருட்டிலிருந்து துலங்கி வரும். திரிமூர்த்தி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அது பிரம்மா, விஷ்ணு, சிவன் இல்லை, மூன்றுமே சிவன், சதாசிவ வடிவம். நமக்கு இடப்பக்கம் இருப்பது அகோர முகம், புருவம் நெரித்து, மீசையோடு, கையில் பாம்பு. வலப்பக்கம் வாமதேவ முகம், பெண்மை ததும்பும் உதடுகள், கையில் தாமரை. நடுவில் கண் மூடிய முகம். கிட்டே போய்ப் படம் எடுப்பதைவிடத் தள்ளி நின்று பாருங்கள்.

அதன் இருபக்கமும் அர்த்தநாரீஸ்வரர், கங்காதரர். கொஞ்சம் தள்ளி திருமணக் கோலத்தில் கல்யாணசுந்தரர், சிவனுக்கு வலப்பக்கம் பார்வதி தலையை லேசாகக் குனிந்து நிற்கிறாள், கல்லில் அந்த வெட்கத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் வியப்புதான். கயிலையைத் தூக்கும் ராவணன், நடராஜர், எல்லாம் நமக்குத் தெரிந்த கதைகள், அம்மாவுக்கு வழிகாட்டியே தேவைப்படாது, பார்த்தவுடன் இவர் இன்னார் என்று சொல்லிவிடுவார். நிறையச் சிற்பங்களுக்குக் கை கால் இல்லை, முழங்காலுக்குக் கீழே வெறும் பாறைதான், பார்க்க மனசு கனத்துப்போகும். ஆறாம் நூற்றாண்டு வாக்கில் மலையைக் குடைந்து செய்தது, கட்டியதில்லை, அதையும் மனதில் வைத்துக்கொண்டு தூண்களையும் கூரையையும் பாருங்கள். 1987 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

பன்னிரண்டரை, ஒரு மணிக்கு இறங்கத் தொடங்குங்கள். சாப்பாட்டுக்கு மேலேயும் வழியிலும் சாதாரண ஓட்டல்கள் உண்டு, பெரியவர்களுக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது என்றால் காலையிலேயே கட்டிக்கொண்டு போய், குரங்கு எட்டாத இடமாகப் பார்த்துச் சாப்பிடுங்கள். கடைசிப் படகு மாலை ஐந்தரை வாக்கில், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் துறைக்கு வருவார்கள், வரிசையில் நிற்கவேண்டி வரும், வெளியூர்க்காரர்கள் இரவு தங்க இங்கே வழியில்லை. இரண்டு மணிப் படகைப் பிடித்தால் மூன்று, மூன்றரைக்குக் கேட்வே வந்துவிடலாம்.

அதற்கப்புறமும் அப்பாவுக்குத் தெம்பு இருந்தால் டாக்ஸியில் பைகுல்லாவுக்குப் போங்கள். போர்த்துகீசியர்கள் இந்தத் தீவுக்கு எலிபெண்டா என்று பெயர் வைத்ததே கரையோரம் நின்ற ஒரு கல் யானையைப் பார்த்துத்தான், அந்த யானை இப்போது தீவில் இல்லை, அங்கே ஜிஜாமாதா தோட்டத்தை ஒட்டி அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது. தெம்பு இல்லையென்றால் நேராக அறைக்குப் போய்க் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.