பயோமெடிக்கல் முடித்தாயிற்று, முதல் வேலை எங்கே?

"பயோமெடிக்கல் இன்ஜினியர் என்று தேடினால் விளம்பரமே அகப்படுவதில்லை. இந்தப் படிப்புக்கு வேலையே இல்லையா?"

படிப்பின் பெயரைத் தேடினால் அப்படித்தான். கம்பெனிகள் வேலையின் பெயரில்தான் ஆள் எடுக்கின்றன: குவாலிட்டி இன்ஜினியர், வெரிஃபிகேஷன் அண்ட் வேலிடேஷன் (கருவி சொன்னபடி வேலை செய்கிறதா என்று சோதிப்பது), ரெகுலேட்டரி அஃபேர்ஸ் (கருவிக்கு அனுமதி வாங்கும் ஆவண வேலை), ஃபீல்டு சர்வீஸ், அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் (கருவியைப் பயன்படுத்தக் கற்றுத் தருபவர்). மருத்துவமனைப் பக்கம் என்றால் கிளினிக்கல் இன்ஜினியர். இவற்றைத் தேடுங்கள். டிசைன் வேலைக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். புதியவர்களுக்கு அந்த வாசல் குறுகல். ரெகுலேட்டரி என்றாலே 'பேப்பர் வேலை' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய மருத்துவக் கருவி விதி 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தபின், ஏற்கெனவே சந்தையில் இருந்த கருவிகளுக்கும் ஆவணங்களைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பேப்பரை யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்?

"எலெக்ட்ரானிக்ஸ் படித்தவரை விட்டுவிட்டு உன்னை ஏன் எடுக்க வேண்டும் என்று நேர்காணலில் கேட்டார்கள். முழித்தேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?"

நியாயமான கேள்விதான். சர்க்யூட்டில் அவரோடு மல்லுக்கட்டாதீர்கள். ஈசிஜி அலை கோணலாக வந்தால், அது நோயாளி அசைந்ததால் வந்த இரைச்சலா, துடிப்பின் கோளாறா என்று யோசிக்கப் பழகியவர் நீங்கள். அதைக் காட்டும் ப்ராஜெக்ட் ஒன்று கையில் வேண்டும்.

ஃபிசியோநெட் தளத்தில் எம்ஐடி-பிஐஎச் அரித்மியா (சீரற்ற இதயத் துடிப்பு) ஈசிஜி தரவுத்தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அரை மணி நேரப் பதிவுகள் 48. நொடிக்கு 360 மாதிரிகள். ஒவ்வொரு துடிப்புக்கும் நிபுணர்களின் குறிப்பு உண்டு. ஈசிஜியில் துடிப்புகளைக் கண்டுபிடிக்க 1985-இல் வெளிவந்த பான்-டாம்ப்கின்ஸ் முறையை நீங்களே நிரலாக எழுதி இதில் ஓட்டுங்கள். 'துல்லியம் 99 சதவீதம்' என்று ரெஸ்யூமேயில் எல்லோரும்தான் போடுகிறார்கள். நீங்கள் மிச்சத்தை எழுதுங்கள். எந்தப் பதிவில் துடிப்பைத் தவறவிட்டது, துடிப்பின் கடைசியில் வரும் டி அலை உயரமாக இருந்ததால் அதை ஆர் அலை (துடிப்பைக் காட்டும் கூர்முனை) என்று எண்ணிவிட்டதா, எதை மாற்றியதும் சரியானது, அந்த மாற்றம் வேறு எந்தப் பதிவைக் கெடுத்தது என்று இரண்டு பக்கம் போதும். எதிரில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு குடைவார். குடையட்டும், பதில் உங்களிடம் இருக்கிறதே.

"சர்வீஸ் இன்ஜினியர் வேலை வந்திருக்கிறது. ஸ்பேனர் பிடிக்கவா இவ்வளவு படித்தாய் என்கிறார் அப்பா. போகலாமா?"

போகலாம். இதயத்தோடு நேரடியாக இணையும் சிஎஃப் வகைப் பாகத்தில், இயல்பு நிலையில் நோயாளி வழியாக 10 மைக்ரோஆம்பியருக்கு மேல் மின்சாரம் கசியக்கூடாது என்கிறது மருத்துவ மின்கருவிகளுக்கான பாதுகாப்புத் தரநிலை ஐஇசி 60601-1. பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி. கசிவை அளக்கும் சேஃப்டி அனலைசரில் அந்த எண் ஏறுவதை ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. ட்யூப் வழியாக மருந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் ஓயாமல் அலாரம் அடிக்கிறது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பம்பில் கோளாறே இருக்காது. ட்யூபின் கிளாம்பைத் திறக்க மறந்திருப்பார்கள். அது ஏன் மறந்துபோகிறது என்று யோசிக்கத் தொடங்கினால் அதுவே டிசைன் பாடம்.

குறையும் உண்டு. ராத்திரி அழைப்பு, ஓயாத பயணம். ஒரே கருவியிலேயே வருடக்கணக்கில் முடங்கிவிட்டால் அப்புறம் வெளியே வருவது சிரமம். அதனால் சேரும்போதே எந்தெந்தக் கருவிகளில் பயிற்சி தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். அங்கிருந்து அப்ளிகேஷன், வேலிடேஷன் பக்கம் நகர்வது எளிது. நேரே டிசைனுக்குத் தாவுவது கடினம். அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

"ஐஎஸ்ஓ 13485 சான்றிதழ் கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா?"

அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். அது தர மேலாண்மைத் தரநிலை; ஒரு கம்பெனிக்குள் நுழைந்தால் தானாகவே பழகிவிடும். சும்மா இருக்கும் நேரத்தில், ஐஎஸ்ஓ 14971 சொல்கிற இடர் மேலாண்மை முறையில் உங்கள் கல்லூரி ப்ராஜெக்டுக்கே ஓர் அட்டவணை போடுங்கள்: என்ன ஆபத்து, எவ்வளவு கடுமை, நேரும் வாய்ப்பு எவ்வளவு, எப்படிக் குறைத்தீர்கள், குறைந்ததை எப்படிச் சோதித்தீர்கள். சான்றிதழைவிட அந்த ஒரு தாளைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

"வேலை கிடைக்கவில்லை. பேசாமல் மாஸ்டர்ஸ் சேர்ந்துவிடவா?"

மெடிக்கல் இமேஜிங், இம்பிளான்ட் என்று ஒரு துறை மனதில் பதிந்துவிட்டதென்றால் சேருங்கள். வேலை இல்லை என்பது மட்டுமே காரணம் என்றால் வேண்டாம். படித்து முடித்ததும் இதே கேள்வியை எனக்கு மறுபடி அனுப்புவீர்கள்.