வாய்க்காலுக்குப் பச்சை வட்டமா, செவப்பு வட்டமா?

கேள்வி: எங்க வீடு பவானி பக்கம், கலிங்கராயன் வாய்க்கால் ஓரத்துலயே இருக்குதுங்க. பையன் யூகேஜி. ஸ்கூல்ல ஒர்க்‌ஷீட் குடுத்து, இயற்கையா இருக்கறதுக்குப் பச்சை வட்டம், மனுசன் செஞ்சதுக்குச் செவப்பு வட்டம் போடச் சொல்லிருக்காங்க. இவன் வாய்க்காலுக்குப் பச்சை போட்டான், மிஸ் தப்பு போட்டுட்டாங்க. "அதுல மீனு இருக்குது, தவளை இருக்குது, அப்பறம் எப்படிம்மா தப்பு"ன்னு ஒரே அழுகை. எனக்கே சொல்லத் தெரியல. எப்படிப் புரிய வைக்கறதுங்க?

பதில்: அம்மிணி, மொதல்ல பையனைத் தட்டிக்குடுங்க. மிஸ் போட்டதும் தப்பில்ல. அந்த வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டுல கலிங்கராயன் வெட்டுனது, பவானி ஆத்துத் தண்ணியைத் திருப்பி நொய்யல் பக்கம் வரைக்கும் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் கொண்டு போகுது, மனுசன் செஞ்சதேதான். ஆனா எழுநூறு வருசமா தண்ணி ஓடுன எடத்துல மீனும் தவளையும் கொக்கும் ஆரையும் கேக்காம குடி வந்துருச்சு, உங்க பையன் பாத்தது அதைத்தான். அஞ்சு வயசுக்கு விளக்கம் ஏறாதுங்க, கதையாச் சொல்லோணும். பாம்பு ஊர்ந்து போன தடத்துலயே வெட்டுனாங்க, அதான் வாய்க்கால் வளைஞ்சு வளைஞ்சு போகுதுன்னு நம்ம பக்கம் பெரியவங்க சொல்லுவாங்கல்ல, அதைச் சொல்லுங்க. (மேடு பள்ளம் பாத்துத் தண்ணி ஓடோணும்ல, நெசக் காரணம் அது, வளந்தப்பறம் சொல்லிக்கலாம்.)

இந்த ரெண்டு கலரு வட்டம் நம்மூருக்குச் சரிப்பட்டு வராதுங்க. மஞ்சக்காடு பச்சைப்பசேல்னு இருக்குது, நட்டது நாமதான். வால்பாறைக்குப் போனா மலை பூரா பச்சை, அந்தத் தேயிலை எல்லாம் காட்டை அழிச்சு வெச்சது. அதனால "இது எந்த வட்டம்"னு கேக்காதீங்க, "இதை ஆரு வெச்சது, நாம பாக்காம விட்டுட்டா என்னாகும்"னு கேளுங்க.

இதுக்கு இட்டேரி, அதான் தோட்டங்களுக்கு நடுவுல ரெண்டு பக்கமும் உசுரு வேலி வெச்ச வண்டித்தடம், அது மாதிரி எடம் வேற இல்லைங்க. ஊருப் பக்கம் ஒண்ணாவது மிச்சமிருக்கும், பொழுதோட வெயில் தாழக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, அப்பாரு காலத்துல குச்சியை ஒடிச்சு நட்டு வெச்சது. அது மேல கோவைக்கொடி ஏறுனது ஆரு ஏத்துனது? பிரண்டை? உள்ள ஓடுற ஓணான், கவுதாரி எல்லாம்? அவனையே ஒவ்வொண்ணாக் காட்டச் சொல்லுங்க. கொஞ்ச தூரத்துல கம்பி வேலி போட்ட தோட்டமும் இருக்கும், அங்க என்னென்ன உசுரு இருக்குதுன்னு எண்ணச் சொல்லுங்க. ரெண்டுமே மனுசன் போட்ட வேலிதான், ஆனா ஒண்ணுல கூட்டம், ஒண்ணுல ஆளே இல்ல. இதை நீங்க சொல்லவே வேண்டாம், வாயத் தொறக்காம பக்கத்துல நில்லுங்க போதும் (அதுதான் நமக்குக் கஷ்டம்).

வீட்டுல செய்யறதுன்னா ரெண்டு தொட்டியில மண்ணு போட்டு ஒண்ணுல வாழைப்பழத் தோலு, இன்னொண்ணுல பால் கவரு பொதைச்சு வைங்க, தண்ணி ஊத்தறது அவன் சோலி. ஒரு மாசம் கழிச்சுத் தோண்டிப் பாக்கட்டும். அவன் போட்டிருக்கற பனியனு பருத்திச் செடியிலிருந்து வந்துச்சுன்னும் சொல்லுங்க, நம்பவே மாட்டான்.

ஏடாகூடமாக் கேக்கவும் செய்வான். எங்க பேத்தி "தூக்கணாங்குருவி கூடு கட்டுதே, அது எந்த வட்டம் ஆயா?"ன்னா. மனுசன் கட்டுல, அதனால பச்சைன்னேன். அப்ப நாம வீடு கட்டுனா மட்டும் ஏன் செவப்புன்னா. நான் காப்பி வெக்கப் போயிட்டேன்.

லீவுல வெள்ளோடு போயிட்டு வாங்க, ஈரோட்டுலிருந்து கிட்டத்தான். கரை போட்டுத் தண்ணி தேக்குன ஏரி அது, பறவைக பாட்டுக்கு வந்து கூடு கட்டி இப்ப சரணாலயம், 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்லயும் சேத்துட்டாங்க. நவம்பர்லிருந்து பிப்ரவரிக்குள்ள, காத்தால நேரமே போனா கூழைக்கடா பாக்கலாம்.

பரீட்சையில வாய்க்காலுக்குச் செவப்பே போடட்டும், மிஸ்கிட்ட அதுக்காகச் சண்டைக்குப் போகாதீங்க.

ஒண்ணே ஒண்ணு, வாய்க்கால் கரையில அவன் கையை விட்டுறாதீங்க, தண்ணி ஓடறப்ப இழுப்பு சாஸ்தி. பராமரிப்புக்குன்னு கொஞ்ச நாள் தண்ணியை நிறுத்துவாங்கல்ல, அப்பக் கூட்டிட்டுப் போங்க. மதகும் கல்லுக்கட்டும் நல்லாத் தெரியும், அம்மா இதை ஆரோ கட்டிருக்காங்கன்னு அவனே சொல்லுவான்.