கடவுச்சொல் சரி, ஆனால் லினக்ஸ் மின்ட் இயங்குதளம் திரும்பவும் நுழைவுத் திரைக்கே வருகிறது. ஏன்?

புதுக்குடியிருப்பு வாசிகசாலைக் கணினியில் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் திரை கறுத்து, மறுபடி பெயர் கேட்கிறது என்கிறீர்கள். கடவுச்சொல் பிழையென்றால் அது அப்படியே சொல்லிவிடும். ஆகவே உள்ளே விடுகிறது. டெஸ்க்டொப்தான் எழும்ப முடியாமல் விழுகிறது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்துத் திரை வரும். அதில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். தட்டும்போது புள்ளிகூடத் தெரியாது, பயப்பட வேண்டாம், லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸ் வழக்கமே அதுதான்.

முதலில் வன்வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் பாவிக்கும் கணினியில் தரவிறக்கிய படங்களே அதை நிரப்பிவிடும். நிரம்பினால் டெஸ்க்டொப் தன் சிறு கோப்புகளைக்கூட எழுத முடியாது.

இடம் இருந்தால், உங்கள் வீட்டு அடைவில் (உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) புள்ளியில் தொடங்கும் 'எக்ஸ்-அத்தோரிட்டி' என்ற மறைகோப்பின் உரிமையாளரைப் பாருங்கள். யாரோ 'சூடோ' (நிர்வாகி அதிகாரத்தில் இயக்கும் கட்டளை) போட்டு வரைகலைத் திரையைத் தொடங்கியிருந்தால் அது ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயருக்குப் போயிருக்கும். என் சந்தேகம் இதில்தான். அந்த ஒரு கோப்பை அழியுங்கள். அடுத்த நுழைவில் புதிதாக உருவாகும்.

அப்புறம் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தினால் பழைய திரை.